ஏர் ஃபில்டர் காற்றை விடுவதற்கா, தூசியைப் பிடிப்பதற்கா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் 'பெர்ஃபார்மன்ஸ்' ஏர் ஃபில்டர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், ஒரு தடவை வாங்கினால் வண்டி உள்ளவரை போதும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். விளம்பரம் பார்த்துப் பழகிவிட்டதால் அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டேன். 'என்ஜின் தேய்மானத்திலிருந்து கூடுதல் பாதுகாப்பு' என்று ஒரு வரி இருந்ததே, அதைத்தான் தாண்ட முடியவில்லை.

நான் கரூரில் என்ஜின் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். தேய்ந்த சிலிண்டரை அளந்து, கடைந்து, உள்சுவரில் மெல்லிய கோடுகள் விழத் தேய்த்து (அதுதான் ஹோனிங்), கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனுக்குத் தயார் செய்து கொடுப்பது தொழில். கடைய முடியாத அளவு போனதற்கு லைனர் என்கிற புது உள்குழாய் இறக்குவோம். மெக்கானிக்குகள் சிலிண்டர்கள் இருக்கிற என்ஜின் உடலை, அதாவது பிளாக்கை, கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். வண்டிக்காரர் பல நேரம் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அந்தக் கட்டுரையை நம்பி நாலு பேர் ஃபில்டரை மாற்றினால் என் மாதிரி ஆட்களுக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. அப்படியிருந்தும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1 கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. 35 லிட்டர் டேங்கை ஒரு தடவை காலி செய்வதற்குள் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை என்ஜின் இழுத்துவிடுகிறது. டீசல் வண்டி இதைவிடவும் கூடுதலாக இழுக்கும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். மழை பெய்து ஓய்ந்த தார்ச்சாலை என்றால் சரி. எங்கள் கரூர் மாவட்டத்து க.பரமத்தி பக்கம் வந்து பாருங்கள். வரிசையாகக் கல்குவாரி, கிரஷர், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள். ரோட்டோர வேலிமுள் எல்லாம் சாம்பல் பூத்து நிற்கும். ஆடிக் காற்றில் முன்னால் போகிற லாரியின் நம்பர் பிளேட் தெரியாது.

அந்தத் தூசி மண் மட்டுமல்ல, உடைத்த கல். அதில் இருக்கிற குவார்ட்ஸ், சிலிண்டர் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகளைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது, அதை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் எண்ணெய் சில மைக்ரான் தடிப்பில்தான் நிற்கிறது. தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள பொடித் துகள் அந்த எண்ணெய்க்குள் புகுந்தால், வால்வைத் தேய்த்துப் பொருத்த நாங்கள் தடவுகிற பேஸ்ட் என்ன வேலை செய்யுமோ அதையே நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் செய்யும்.

காற்று வழியாகத் தூசி உள்ளே போன பிளாக்கைப் பார்த்ததும் தெரிந்துவிடும். முதல் ரிங் மெலிந்திருக்கும், கீழே இருக்கிற ஆயில் ரிங் அந்த அளவுக்குப் போயிருக்காது. சிலிண்டரின் மேல்பகுதியில், முதல் ரிங் திரும்புகிற இடத்தில் நகம் வைத்து இழுத்தால் தட்டும். அதைத்தான் ரிட்ஜ் என்போம். ஹோனிங் கோடுகள் மறைந்து போயிருக்கும். பிஸ்டன் பக்கவாட்டில் பளபளப்பு போய், மணல்தாள் தேய்த்த மாதிரி மங்கியிருக்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டிக் கெடுத்த என்ஜினில் தேய்மானம் வேறு இடத்தில் இருக்கும். அங்கே பேரிங்தான் முதலில் கதை சொல்லும்.

இப்போது ஃபில்டருக்கு வருவோம். கம்பெனியிலிருந்து வண்டியோடு வருவது மடிப்பு மடிப்பான பேப்பர் ஃபில்டர். கட்டுரையில் சொன்னது பருத்தித் துணி ஃபில்டர். அலுமினிய வலை இரண்டுக்கு நடுவில் மெல்லிய பருத்தித் துணியை நாலைந்து அடுக்கு வைத்து, ஒட்டுகிற மாதிரியான சிவப்பு எண்ணெய் பூசியிருப்பார்கள். துணியின் கண்கள் பெரியவை. தூசியை நிறுத்துவது துணியை விட அந்த எண்ணெய்தான். பழைய ஜீப்பிலும் டிராக்டரிலும், எண்ணெய்க் கிண்ணத்தில் தூசியைப் பிடித்த ஆயில் பாத் ஃபில்டருக்கு இது ஒரு வகையில் தம்பி முறை. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கே அண்ட் என் நிறுவனம் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களை நம்பித் தொடங்கியது. பந்தயக்காரனுக்கு இது அருமையான சாமான். அவன் முழு த்ராட்டிலில் ஓட்டுகிறான், ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கிறான், என்ஜினையும் அடிக்கடி இறக்குகிறான். அவனுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய கவலை இல்லை.

எவ்வளவு தூசியைப் பிடிக்கும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு சோதனை இருக்கிறது, ஐஎஸ்ஓ 5011. அளவு குறித்த தூசியை அளவு குறித்த காற்றோடு செலுத்தி, ஃபில்டரில் தங்கியது எவ்வளவு, தாண்டியது எவ்வளவு என்று எடை போடுவார்கள். நல்ல பேப்பர் ஃபில்டர் இதில் 99 சதவீதத்துக்கு மேல் வாங்கும். பருத்தி ஃபில்டர் பொதுவாக 96 முதல் 99 வரை என்று கே அண்ட் என் தரப்பே சொல்லியிருக்கிறது. அந்த நேர்மை நம் கட்டுரையில் இல்லை. '99 சதவீதம் வரை தூசியைத் தடுக்கும்' என்று மேல் எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள்.

99.9க்கும் 97க்கும் மூணு மார்க் கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். பிடித்ததைப் பார்த்தால் அப்படித்தான். என்ஜினைத் தேய்ப்பது பிடிபட்ட தூசி இல்லையே, தப்பித்துப் போனதுதானே. 99.9 வாங்கிய ஃபில்டரில் 100 கிராம் தூசிக்கு 0.1 கிராம் உள்ளே போகிறது. 97 வாங்கியதில் 3 கிராம். முப்பது மடங்கு. சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கினால் மாவு சீக்கிரம் விழும், தவிடும் கூடவே விழும்.

வாய்க்கணக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் டியூராமேக்ஸ் என்கிற பிக்கப் லாரி டீசல் என்ஜினுக்கான ஃபில்டர்களை ஐஎஸ்ஓ 5011 முறையில் ஒப்பிட்டார்கள். வண்டியோடு வருகிற வகை பேப்பர் ஃபில்டர் 99.93 சதவீதம் பிடித்தது. சோதனை முடிவதற்குள் அதைத் தாண்டியது 0.4 கிராம். எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர் 96.8, தாண்டியது 7 கிராம். இன்னொரு விஷயமும் அதில் வெளிவந்தது. பேப்பர் அடைத்துக்கொள்ளும், பருத்தி அடைக்காது என்பார்கள் அல்லவா? அங்கே பேப்பர் ஃபில்டர் 574 கிராம் தூசி செலுத்தும் வரை, அதாவது ஒரு மணி நேரம், தாங்கியது. பருத்தி ஃபில்டர் 221 கிராமில், 24 நிமிடத்தில் அடைப்பு வரம்பைத் தொட்டுவிட்டது. புதிதாக இருக்கும்போது காற்று சுலபமாகப் போனது பருத்தியில்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு?

சரி, ஏட்டுக் கணக்கை விடுவோம். போன கோடையில் பட்டறைக்கு ஒரு டீசல் வண்டியின் பிளாக் வந்தது. வண்டிக்காரத் தம்பி கிரஷரில் ஜல்லி எடுத்து சப்ளை செய்பவர், இந்தத் தடவை அவரே கூட வந்திருந்தார். "அண்ணா, ஆயில் அரை லிட்டர் அரை லிட்டரா குடிக்குதுங்க. எழுபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்றார். சிலிண்டரின் உள் அகலத்தை முள்ளில் காட்டுகிற டயல் போர் கேஜை விட்டுப் பார்த்தேன். சிலிண்டரின் அடிப்பகுதி கிட்டத்தட்ட புதுசு மாதிரி இருந்தது, மேலே வர வர முள் நகர்ந்துகொண்டே போனது. மேல் ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, ஃபீலர் என்கிற அளவுத் தகடு விட்டால், ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி 1 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு இது வரக்கூடாது.

ஏர் ஃபில்டர் என்ன என்று கேட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய பருத்தி ஃபில்டர். மெக்கானிக்கை ஃபோனில் பிடித்து, ஃபில்டர் பெட்டியையும் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிற டர்போவுக்குப் போகிற ரப்பர் ஹோஸையும் அப்படியே துடைக்காமல் கொண்டுவரச் சொன்னேன். ஹோஸுக்குள் வெள்ளை பனியன் வேஸ்ட்டை விட்டு ஒரு சுற்று துடைத்து எடுத்தால், சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு பூச்சு. விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. ஃபில்டரைத் தாண்டிய பக்கம் இது. டர்போ இறக்கைகளின் முனை மழுங்கிப் போயிருந்தது.

இதில் ஃபில்டர் துணியின் மேல் மட்டும் பழி போட நான் தயாரில்லை. அந்த ஃபில்டரின் ரப்பர் விளிம்பைப் பார்த்தேன். தொடர்ந்து கழுவியதில் விறைத்துப்போய், ஒரு மூலையில் பெட்டியோடு உட்காமல் இருந்தது. அங்கே தூசி கோடு போட்ட மாதிரி உள்ளே போன தடம். கழுவியது யார்? வாட்டர் சர்வீஸ் கடைப் பையன், வண்டியைக் கழுவும்போது ஃபில்டரையும் பிரஷர் தண்ணீரில் அடித்து, வெயிலில் காயவைத்து மாட்டிவிட்டான். எண்ணெய்? "அது வேற போடணுமாண்ணா?" என்றார் தம்பி. எண்ணெய் இல்லாத பருத்தி ஃபில்டர் என்பது நாலு சுற்று காடாத்துணி.

கட்டுரை எழுதியவர் இங்கேதான் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். 'கழுவிப் பயன்படுத்தலாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதற்கென்று உள்ள சோப்பு நீரில் ஊறவைக்க வேண்டும், சுத்தமான பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும், நிழலில் தானாக உலரவிட வேண்டும், ஒவ்வொரு மடிப்பிலும் அதற்குரிய எண்ணெயை அளவாக விட்டு, ஊறிப் பரவக் காத்திருந்து பிறகுதான் மாட்ட வேண்டும். அது உலரும் வரை வண்டியை எடுக்காமல் இருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கிற டூ டி ஆயிலைப் பூசியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய என்ஜின் ஆயிலில் முக்கி எடுத்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் கூடிப்போனாலும் வம்புதான். காற்றின் அளவைப் பார்க்கிற சென்சாருக்குள் சூடான மெல்லிய கம்பியோ படலமோ இருக்கும். எண்ணெய் ஆவி அதில் படிந்து, தூசி ஒட்டிக்கொண்டால் கணக்கு தவறும். செக் என்ஜின் லைட் எரியும். பல சின்ன பெட்ரோல் கார்களில் இந்த வகை சென்சாரே கிடையாது, அவர்கள் தப்பித்தார்கள். டீசல் வண்டிகளில்தான் இது அதிகம்.

மைலேஜ் விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதை ஆராய்ந்தது. கம்ப்யூட்டர் பார்த்து பெட்ரோல் விடுகிற இன்றைய கார்களில், அடைத்துப்போன ஃபில்டரை எடுத்துவிட்டுப் புது ஃபில்டர் போட்டாலும் மைலேஜ் கூடவில்லை. வேகம் எடுப்பதில்தான் 6 முதல் 11 சதவீதம் முன்னேற்றம். கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால் கதை வேறு. நன்றாக அடைத்த ஃபில்டரை மாற்றியே மைலேஜ் வராதபோது, சுத்தமான பேப்பரை எடுத்துவிட்டுச் சுத்தமான பருத்தியை வைப்பதால் எங்கிருந்து வரும்? ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்காதபோது மூடிக்கிடக்கிற த்ராட்டில் தகடுதான் பெரும்பாலான நேரம் காற்றை மறிக்கிறது, ஃபில்டர் இல்லை. சத்தம் கொஞ்சம் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியது மாதிரி நமக்கு ஒரு நினைப்பு.

இதற்கு மறுபேச்சும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சிலர் பல வருடம் பருத்தி ஃபில்டர் போட்டு ஓட்டி, என்ஜின் ஆயிலை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து, தூசி உள்ளே போனதற்கு அடையாளமான சிலிக்கான் அளவு குறைவாகத்தான் இருக்கிறது என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். நான் நம்புகிறேன். கோவையிலிருந்து சென்னைக்கு நாலுவழிச் சாலையிலேயே போய் வருகிற காருக்கு வெளியில் இருக்கிற தூசியே கொஞ்சம்தான். அதில் 3 சதவீதம் போனால் என்ன, 1 சதவீதம் போனால் என்ன. அந்த என்ஜின் அந்த ஃபில்டராலேயே கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. சிலிக்கான் கூடியிருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம், புது என்ஜினில் கேஸ்கெட் பசையிலிருந்தும் வரும். சிலிக்கானோடு சேர்ந்து இரும்பும் அலுமினியமும் ஏறினால்தான் தூசி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த ரிப்போர்ட்டெல்லாம் சொல்வது 'கெடுதல் இல்லை' என்பதைத்தான். 'கூடுதல் பாதுகாப்பு' என்று எதுவும் சொல்லவில்லை. கட்டுரையில் போட்டது இரண்டாவதை.

பேப்பர் ஃபில்டர் போட்டிருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். என் பட்டறைக்குத் தூசியால் தேய்ந்து வருகிற பிளாக்குகளில் அதிகம் பேப்பர் ஃபில்டர் போட்ட வண்டிகள்தான், ஏனென்றால் ஊரில் அதிகம் இருப்பதும் அவைதான். அங்கே கெடுப்பது கம்ப்ரசர். பஞ்சர் கடையில் ஐந்து ரூபாய் கொடுத்தால் ஃபில்டரைக் கழற்றி, டயருக்கு அடிக்கிற காற்றை, குழாய் முனையை ஒட்ட வைத்து அடிப்பார்கள். தூசி பறப்பதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும். பேப்பரில் ஊசித்துளை விழுவது கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. பேப்பர் ஃபில்டர் புதிதாக இருக்கும்போதை விட, கொஞ்சம் தூசி படிந்த பிறகுதான் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே அடுத்த தூசியை மறிக்கும். வாரா வாரம் ஊதினால் அந்த நன்மையும் போய்விடும். ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு எண்ணெய் ஊறவைத்த பேப்பர் வருகிறது. அதில் காற்றே அடிக்கக் கூடாது, கெடு வந்ததும் மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம் டூப்ளிகேட். நூறு ரூபாய் மிச்சம் என்று பெயர் தெரியாத டப்பாவில் வருவதை வாங்கினால், மடிப்பு எண்ணிக்கை குறைந்திருக்கும், விளிம்பு ரப்பர் பஞ்சு மாதிரி இருக்கும். பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து, கம்பி கட்டி ஓட்டுகிற வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. எந்த ஃபில்டராக இருந்தாலும், தாண்டிய பக்கத்து ஹோஸைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இதற்கு ஆய்வகமும் வேண்டாம், நானும் வேண்டாம்.

செலவுக் கணக்கு ஒன்று பாக்கி. சாதாரண காருக்கு நல்ல பேப்பர் ஃபில்டர் முந்நூறு, நானூறு ரூபாய். கையேட்டில் பெரும்பாலும் 30,000, 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள், தூசி ஊரில் அதற்கு முன்னாலேயே. நம் பக்கத்துக்குப் பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள் என்பேன். அப்படி மாற்றினாலும் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் பருத்தி ஃபில்டரின் விலைக்கும், அதோடு வாங்க வேண்டிய சோப்பு, எண்ணெய்ச் செலவுக்கும் ஈடாக வண்டி ஆயுசுக்கே பேப்பர் வாங்கிவிடலாம். என்ஜின் இறக்கி, கடைந்து, பிஸ்டன் ரிங் போட்டு ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நான் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படிப்பட்ட சாமானைப் பற்றி எழுதும்போது, விற்பவரிடம் ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். எந்த அளவுத் தூசியில் சோதித்தது, பொடித் தூசியா பெருந்தூசியா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பெருந்தூசியில் எல்லோருமே நல்ல மார்க் வாங்குவார்கள். வாரன்டி என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது ஃபில்டருக்கா என்ஜினுக்கா என்று ஒரு கேள்வி. இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால், வரவில்லை என்றே போடலாம். நிருபர் யாரையாவது இந்தப் பக்கம் அனுப்பினால் க.பரமத்தி ரோட்டில் ஓடிய வண்டிகளின் தேய்ந்த லைனர்கள் என்னிடம் இருக்கின்றன. போர் கேஜை அவர் கையிலேயே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
என்ஜின் போரிங் பட்டறை, கரூர்.